பஞ்சாயத்துப் படங்கள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் எனக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். "இதயத்துல ஸ்டென்ட் வைக்கிறாங்கல்ல, அதப் படம் புடிச்சு அனுப்புவாங்க. நாங்க பாத்துச் சொல்லணும்." கேட்டவர் முகத்தில் உடனே ஒரு மரியாதை வந்துவிடும். டாக்டருக்கு அடுத்த படியில் நான் நிற்பதாக நினைத்துக்கொள்வார். நானும் திருத்த மாட்டேன். கந்தர்வக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்த என் சித்தப்பா பந்தியிலேயே சட்டைப் பொத்தானைக் கழற்றி, "சரியா இருக்கான்னு பாரும்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பாயசத்தைக் குடித்துக்கொண்டே சிரித்தேன்.

உண்மையில் அது புள்ளி வைக்கிற வேலை. புதுக்கோட்டையில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, ஏசி போட்ட ஒரே ஒரு பெரிய அறை. பதினாறு பேர், முக்கால்வாசி பெண்கள். எங்களுக்கு வரும் படங்கள், அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் அந்தக் கம்பிவலையான ஸ்டென்ட்டை வைத்துச் சில மாதங்கள் கழித்து எடுத்தவை. ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, ஒளியைப் பாய்ச்சிக்கொண்டே பின்னால் இழுத்தால், வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கிய மாதிரி நூற்றுக்கணக்கான படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் ஸ்டென்ட்டின் கம்பிகள் பளிச்சென்ற புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு கரிய நிழல் இருக்கும். அந்தக் கம்பியின்மேல் உடம்பு மெல்லிய சதையை வளர்த்து மூடிவிட்டதா, இல்லை கம்பி இன்னும் வெறுமையாக ரத்தத்தில் நிற்கிறதா என்று நாங்கள் குறிக்க வேண்டும். மூடியது, மூடாதது. இரண்டே பொத்தான்கள்.

வெறுங்கம்பியில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளலாம் என்பதால் டாக்டர்களுக்கு இது தெரிய வேண்டியிருக்கிறது. ஆனால் படத்துக்குப் படம் உட்கார்ந்து எண்ண அவர்களுக்கு ஏது நேரம்? அதனால் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லும்படி அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொடுக்க வாத்தியார் வேண்டுமே. நாங்கள்தான் அந்த வாத்தியார்கள். நாங்கள் 'மூடியது' என்றால் அது மூடியது. அதற்குமேல் கேள்வி கேட்க அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஒருவர் கண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகக் குறிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் சிக்கல் இல்லை. ஒத்துப்போகாவிட்டால் அந்தப் படம் மூன்றாவது ஆளிடம் போகும். அவர் சொல்வதுதான் முடிவு. இதற்கு ஆபீஸில் நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது பஞ்சாயத்து. "இன்னிக்கு எத்தன பஞ்சாயத்து?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே வருவோம். இரண்டு வருடம் புள்ளி வைத்து அனுபவப்பட்ட பிறகு என்னை மூன்றாவது ஆளாகப் போட்டார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் நாட்டாமை. கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஆடியில் ஒருத்தி வேலைக்கு வந்தாள். ஊர் கடலோரம், கட்டுமாவடிப் பக்கம். அறந்தாங்கியில் பஸ் மாறி வர வேண்டும். பிசிக்ஸ் படித்தவள். கல்யாணமாகி நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, புருஷன் வீட்டில் மல்லுக்கட்டி இந்த வேலைக்கு அனுமதி வாங்கியிருந்தாள். "ஒரு வருசம் பாருங்க, சரிப்படலன்னா நானே நின்னுக்கிறேன்னு மாமியாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேங்க்கா" என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள். நாங்கள் அவளைக் கட்டுமாவடிக்காரி என்றே கூப்பிட்டோம். அவளுக்கு இடதுகைப் பழக்கம். மவுஸைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக்கொள்வாள். நாங்கள் எல்லாரும் வட்டத்தின் உச்சியில் முதல் புள்ளியை வைத்து, கோயில் பிரகாரம் சுற்றுவது போல வலமாக வருவோம். அவள் அடியில் ஆரம்பித்து இடமாகச் சுற்றுவாள். "எங்களது பிரதட்சணம், ஒன்னோடது அப்பிரதட்சணம்" என்று கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு படத்தைப் பார்த்ததும் குறிக்க மாட்டாள். முன்னால் நாலு படம் போவாள், பின்னால் நாலு படம் வருவாள், மறுபடியும் முன்னால் போவாள். நாங்கள் பத்துப் படம் முடிக்கும்போது அவள் ஆறில் நிற்பாள். "அம்மியில அரைக்கிற மாதிரி அரைக்கிறியே" என்று நான் ஒருநாள் சத்தமாகவே சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டிலும் அதே பெயர்தான்.

ஒரு நாள் மத்தியானம் மேனேஜர் எங்கள் எல்லாரையும் கூட்டி, பெரிய திரையில் என்னுடைய படங்கள் சிலவற்றைப் போட்டுக் காட்டினார். எப்படிக் குறிக்க வேண்டும் என்பதற்கு என் வேலைதான் மாதிரி. நான் எழுந்து நின்று விளக்கினேன். "இந்தக் கம்பி மேல மெல்லிசா ஒரு மூட்டம் தெரியுது பாருங்க. இது சதை. மூடியது."

பின்வரிசையிலிருந்து அவள் கேட்டாள். "அக்கா, அது சதையாங்க்கா? அடுத்த படத்துக்குப் போங்களேன்."

போனேன். மூட்டம் இன்னும் தெரிந்தது, ஆனால் கம்பியை விட்டுக் கொஞ்சம் விலகி.

"நகருதுங்கக்கா. படம் எடுக்கயில ரத்தத்தக் கழுவி விடுவாங்கல்ல, சரியாக் கழுவாம நின்ன ரத்தம் இது. மீனுல வழவழப்புத் தொடச்சாப் போயிரும், தோலு போவாது. இது போயிருது பாருங்க. கம்பி வெறுங்கம்பிதான்."

அவள் குரலில் கொஞ்சம்கூடத் திமிர் இல்லை. மரியாதைக்குக் குறைவாகவும் ஒரு சொல் இல்லை. அந்த அறையில் இருந்த எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் தாடையைச் சொறிந்தார். எனக்குக் காது சூடானது.

"ஒரு படத்துல தெரியுறததான் குறிக்கணும். பக்கத்துப் படத்தப் பாத்துக் கத கட்டக் கூடாது" என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த நிமிடத்தில் என் வாயில் பிறந்தது அது. ஆனால் நாட்டாமை சொன்னதால் விதியாகிவிட்டது. மேனேஜரும் தலையாட்டினார், வேலை வேகமாக நடக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அவள் மட்டும் "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு, தன் இடத்துக்குப் போய், மறுபடியும் முன்னால் நாலு படம், பின்னால் நாலு படம் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

இனிமேல் சொல்லப்போவதை நான் என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

பஞ்சாயத்துக்கு வரும் படத்தில் குறித்தவர் பெயர் இருக்காது. ஒன்று, இரண்டு என்று மட்டும் இருக்கும். ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருந்தார்கள். ஆனால் புள்ளிகளுக்கு வரிசை எண் இருக்கும். முதல் எண் வட்டத்தின் அடியில் இருந்து, எண்கள் இடமாக ஏறினால் அது யார் என்று எனக்குத் தெரியாதா? படம் திறந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். தெரிந்ததும் நான் மற்ற ஆள் பக்கமே தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். கம்பியைப் பார்க்க மாட்டேன், மூட்டத்தைப் பார்க்க மாட்டேன், எண்ணை மட்டும் பார்ப்பேன்.

எல்லாப் படத்திலும் அப்படிச் செய்தேனா என்றால், இல்லை. முதலில் பார்த்துத்தான் செய்தேன். பார்க்கும்போதே அவள் தப்பு என்று முடிவுகட்டிக்கொண்டு பார்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அப்படி. போகப் போக, முடிவு தெரிந்த பிறகு பார்ப்பது எதற்கு என்று ஆகிவிட்டது. வேலையும் சுருக்க முடிந்தது. நான் சீக்கிரம் முடிப்பதைப் பார்த்து மேனேஜர் பாராட்டவும் செய்தார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளும்போது எனக்கு உறுத்தியதா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். உறுத்தவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

மாதக் கடைசியில் ஒரு பட்டியல் வரும். யார் குறித்தது எத்தனை தரம் பஞ்சாயத்தில் தோற்றது என்று. மூன்று மாதமும் அவள் பெயர்தான் அடியில். மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, "என்னம்மா, அந்தப் பொண்ணு தேறாதா?" என்று கேட்டார். கெட்டவர் இல்லை. கொஞ்ச நாள் அவகாசம் கொடுக்கலாமா என்ற யோசனையோடுதான் கேட்டார். நான் என்ன சொல்லியிருக்கலாம்? மெதுவாகச் செய்கிறாள் என்றிருக்கலாம். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றிருக்கலாம். நான் சொன்னது, "அவளுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு சார். எங்க எல்லாருக்கும் தெரியுறது அவளுக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது."

மேனேஜர் அதை அப்படியே அவளிடம் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான், கண்ணைக் காட்டிக்கொண்டு வா, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று. அவள் மறுநாள் லீவு போட்டு அறந்தாங்கியில் கண் டாக்டரைப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் ஒரு சீட்டோடு வந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடி தேவையில்லை என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டை மேனேஜரிடம் காட்டுவதற்கு முன்னால் என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"கண்ணு நல்லாருக்குன்னுட்டாருங்கக்கா. எனக்கு அதாங்க்கா பயமா இருக்கு. கண்ணுல கோளாறுன்னாக் கண்ணாடி போட்டுக்கலாம். கண்ணு நல்லாருந்தும் தப்புத் தப்பாத் தெரியுதுன்னா என்ன அர்த்தம்?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியுதே அந்த வெறுங்கம்பி, ஒங்களுக்கு நெசமாவே தெரியலயா?"

"தெரியல" என்றேன்.

படத்தையே பார்க்காத எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும் "வாரேங்க்கா" என்றாள். நானும் நல்லபடியாகப் போய் வா என்றேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, படங்களை அனுப்பும் இடத்திலிருந்து ஒரு டாக்டர் வீடியோவில் வந்தார். பஞ்சாயத்துக்குப் போன படங்களில் சிலவற்றை எடுத்துத் தானே பார்த்திருக்கிறார். பதினெட்டுப் படங்கள். ஒவ்வொன்றாகத் திரையில் போட்டார். "இது சதையல்ல, தேங்கிய ரத்தம். அடுத்த படத்தில் பாருங்கள், நகர்கிறது" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனார். பதினெட்டில் பதினைந்தில் தீர்ப்பு தப்பு. தோற்றுப்போன ஆள் குறித்ததுதான் சரி. பதினைந்திலும் எண்கள் அடியிலிருந்து இடமாக ஏறின. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இதைக் குறித்தவர் யார்? இந்தக் கண் உள்ளவர்கள் நமக்கு நிறைய வேண்டும்" என்று டாக்டர் கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "அவங்க நின்னுட்டாங்க டாக்டர்" என்றேன். நின்றுவிட்டாள். தமிழில் எவ்வளவு வசதியான சொல் பாருங்கள், யார் நிறுத்தியது என்று சொல்லவே வேண்டியதில்லை.

அந்தப் பதினைந்தையும் திருத்தினோம். அதோடு விஷயம் முடிந்தது. டாக்டர் கையில் அகப்பட்டது ஒரு பிடிதான், மூட்டை முழுக்க அப்படித்தான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லவில்லை. "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்று மேனேஜர் ஆறுதல் சொன்னபோது தலையாட்டினேன். அவருக்கு என்ன தெரியும், யானை சறுக்கவில்லை, கண்ணைத் திறந்துகொண்டே மிதித்தது. அதற்குப் பிறகு சித்தப்பாவை எங்கே பார்த்தாலும் நான் வேறு பக்கம் போக ஆரம்பித்தேன். அவர் நெஞ்சுக்கும் எங்கள் படங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். எந்தப் படத்தைத் திறந்தாலும் முதலில் எண்ணைத் தேடின என் கண்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கிக்கு பஸ் ஏறினேன். அவள் அங்கே ஒரு மேட்சிங் சென்டரில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். புடவைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி கிழித்துக் கொடுக்கும் கடை. நான் போனபோது ஒரு அம்மாள் பையிலிருந்து புடவையை எடுத்துக் கொடுக்க, அவள் துணியோடு கடைவாசலுக்கு வந்து வெயிலில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். "இது சேராதுங்க. உள்ள லைட்டுல பாத்தா ஒண்ணு மாதிரி இருக்கும், வெளிய வந்தா நெறம் பிரிஞ்சுரும்" என்று தயங்காமல் சொல்லி, வேறு துணி எடுக்க உள்ளே போனாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கண் நன்றாகத்தான் இருக்கிறது, நான் ஒன்றும் கெடுத்துவிடவில்லை என்று அந்த வாசலிலேயே எனக்கு நானே பாதி மன்னிப்புக் கொடுத்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்து, "அடடே, வாங்கக்கா, உள்ள வாங்க" என்று ஸ்டூல் எடுத்துப் போட்டாள். டீ வரவழைத்தாள். டீ ஆறும்வரை நான் ஊர்க்கதை பேசினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்தது, படத்தையே பார்க்காமல் எழுதியது, கண் கோளாறு என்று நானே கட்டிச் சொன்னது, டாக்டர் அவளைத் தேடியது. சொல்லும்போதே அழுதுவிட்டேன். "என்னை மன்னிச்சுரு" என்றேன்.

அவள் அழவில்லை. துணி அளக்கும் கம்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் படத்தையெல்லாம் மாத்தியாச்சாங்க்கா?"

"டாக்டர் பாத்தத மாத்திட்டோம்."

"மத்தது?"

நான் முந்தானையால் மறுபடியும் மூக்கைத் துடைத்தேன்.

"அப்ப கம்ப்யூட்டர் இன்னும் ரத்தத்தத்தான் சதன்னு படிச்சுக்கிட்டு இருக்கா?" அவள் கம்பைக் கீழே வைத்தாள். "நான் இன்னிக்கு மன்னிச்சுட்டேன்னு சொன்னா ஒங்களுக்குத் தூக்கம் வரும். அந்த வெறுங்கம்பியெல்லாம் மூடிக்குமாங்க்கா?"

கடையில் அதற்குள் ஆள் வந்துவிட்டது. அவள் எழுந்து போனாள். நான் டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் காலையில் மேனேஜருக்கும் அந்த டாக்டருக்கும் எழுதினேன். என் தீர்ப்பு எதையும் நம்ப வேண்டாம், எல்லாப் பஞ்சாயத்துப் படங்களையும் திரும்பத் திறக்க வேண்டும் என்று, காரணத்தையும் மறைக்காமல். மேனேஜர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வேலையை விட்டுத் தூக்கவில்லை, நாட்டாமைப் பதவியைத்தான் எடுத்தார்கள். மறுபடியும் மற்றவர்களோடு உட்கார்ந்து புள்ளி வைத்தேன். பெரிய தண்டனை என்று சொல்ல முடியாது. டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், பழைய படங்களைப் பார்க்க அந்தப் பெண்ணே வர வேண்டும் என்று. மேனேஜர் இரண்டு முறை போன் பண்ணினார். மூன்றாவது முறை அவள் சம்மதித்தாள்.

ஒரு திங்கட்கிழமை வந்தாள். எல்லாரும் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னுடைய பழைய இடத்தில், மூன்றாவது ஆளின் நாற்காலியில், அவளை உட்கார வைத்தார்கள். புதிய சாப்ட்வேரில் எது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க மேனேஜர் என்னைத்தான் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவள் மவுஸை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். முதல் படத்தைத் திறந்தாள். முன்னால் நாலு படம் போனாள், பின்னால் நாலு படம் வந்தாள். ஒரு கம்பியின்மேல் மூட்டம் இருந்தது. அடுத்த படத்தில் அது விலகியது. அதற்கடுத்த படத்தில் இல்லவே இல்லை. இந்தத் தடவை நானும் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நிறுத்தினாள். பொத்தானுக்கு மேலே அம்பு அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு என்னங்க்கா தெரியுது?"

"நீ சொல்லு. நீதான் சொல்லணும்."

"இல்லக்கா, நீங்க சொல்லுங்க. துணின்னா வெயில்ல புடிச்சுப் பாத்துக்கலாம். இதுல எனக்குத் தெரியுறது அங்கிட்டு நெசமாவே இருக்கா, எனக்கு மட்டும் அப்படித் தோணுதான்னு எனக்குப் புரிய மாட்டேங்குது." சிரிக்க முயன்றாள். "தப்பாச் சொல்லிட்டா மறுபடியும் பேரு கெட்டுப்போயிரும்ல."

"ஒனக்குத் தெரியுறது சரிதான்" என்றேன். "சத்தியமாச் சரி. அழுத்து."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சீட்டைக் கொண்டுவந்த நாளில் என்னைப் பார்த்ததும் அப்படித்தான். நான் சத்தியம் செய்தால் அவள் எதற்காக நம்ப வேண்டும்? திரைக்குத் திரும்பினாள், இன்னொரு தரம் முன்னால் போனாள், பின்னால் வந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு 'மூடியது' என்று அழுத்தினாள்.

அது வெறுங்கம்பி. எனக்கு நன்றாகவே தெரிந்தது.